துண்டு போட்ட சன்னல் சீட்டு

சித்த அக்கட்டால நவுந்துக்கோ கண்ணு. இல்ல இல்ல, சன்னல் பக்கம் நீயே இரு, எனக்கு இந்த ஓரந்தான் வேணும். முன்னாடி தெரியோணும் பாரு. காதுல மாட்டியிருக்கறயே, அதுல ஒண்ண மட்டும் கழட்டிக்கோ. பாட்டு எங்கியும் ஓடிப் போயிராது.

இந்த மாஸ்க்கா? சளியெல்லாம் ஒண்ணுமில்ல, பயப்படாத. ஒருத்தர் கண்ணுல படக்கூடாதுன்னு போட்டிருக்கறேன். அதுக்குத்தான் எங்க ஊரு ஸ்டாப்புல ஏறாம, முந்தின ஸ்டாப்பு வரைக்கும் நடந்து வந்து ஏறுனேன். இந்தக் கால வெச்சுட்டு! என்ற பையன் கேட்டான்னா நம்ப மாட்டான். நான் மெதுவாத்தான் பேசறேன், நீயும் சத்தம் போடாமக் கேளு.

இப்ப வடவள்ளி ஸ்டாப்பு வருது பாரு. அந்த டீக்கடைக்கு முன்னாடி வெள்ளச் சட்ட, தோள்ல பச்சைக்கரத் துண்டு. திரும்பாத! சாடையாப் பாரு. பாத்துட்டியா? அவருதான் எங்கூட்டுக்காரரு.

ஆமா, கட்டுன புருஷனத்தான் ஒளிஞ்சிருந்து பாக்கறேன். சிரிக்காத கண்ணு, உனக்கும் கல்யாணம் ஆகும்.

பஸ்ஸு நிக்கறதுக்கு முன்னாடியே சன்னல்கிட்ட வர்றாரா? துண்ட எடுத்தாரா? போட்டாரா? பாத்தியா, பாத்தியா! பக்கத்தூட்டு பிரேமலதா சொன்னது நெசந்தான். இனி மெதுவா ஏறி வருவாரு. துண்டு சன்னலோரமா உக்காந்திருக்கும், பக்கத்துல இவரு உக்காருவாரு. யாரு வந்து கேட்டாலும் "ஆள் வருதுங்க"ன்னு சொல்லுவாரு. அந்த ஆளு யாருன்னு பாக்கறதுக்குத்தான் இன்னிக்கு நான் வந்திருக்கறேன். அந்தத் துண்டு கூட நான் சென்னிமலையில பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தது, அதச் சொல்லு!

என்ற பேரு வசந்தாமணி. ஆர்.எஸ்.புரத்துல கல்யாணப் பொண்ணுகளுக்கு ஜாக்கெட்டுல ஆரி ஒர்க் பண்ணிக் குடுக்கறேன், சொந்தக் கடை. அவருக்கு காந்திபுரத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை. பையன் தரணி ஓசூர்ல வேலைக்கு இருக்கறான். ஊட்ல நாங்க ரெண்டே பேருதான். அப்பறம் ஒரு காரு. வெள்ளக் காரு. அதுவும் எங்கூட்டு ஆளு மாதிரித்தான்.

அந்தக் காரு நான் கேட்டு வாங்குனது. அவருக்கு அந்த வண்டி மேல ஒரு நாளும் ஆசை இருந்ததில்ல. ஆனாக்கா நல்லா ஓட்டுவாரு. காலைல ரெண்டு பேரும் ஒட்டுக்காக் கெளம்புவோம், என்னைய ஆர்.எஸ்.புரத்துல எறக்கி வுட்டுட்டு அவரு கடைக்குப் போவாரு. கார்ல ஏறுனா நான் பேசுவேன், அவரு ஓட்டுவாரு. நம்ம பேச்சுக்கு ஹார்ன்லதான் பதில் வரும். ஆனா கேட்டுட்டே வருவாரு கண்ணு. ஊட்ல அப்படியில்ல. பொழுதோட வந்தார்னா குளிப்பாரு, சாப்பிடுவாரு, நியூஸப் போட்டுட்டு அப்படியே தூங்கிப் போயிருவாரு. நான் பேசறது சுவத்துக்குத்தான் கேக்கும். அந்தக் கார்ல முன் சீட்டுல அவரு பக்கத்துல உக்காந்து போற அந்த நேரம் இருக்குதே, நாள் முச்சூடும் எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

அதுலதான் மண்ணு விழுந்துபோச்சு.

ஆடி மாசம். லாலி ரோடு சிக்னல்ல நிக்கறோம். நான் என்ற சின்ன நாத்தனா ஊட்டு சீர்ல நடந்த கூத்தச் சொல்லிட்டிருக்கறேன், நல்ல கட்டம், அவ என்னையப் பாத்து ஒண்ணு கேட்டா பாரு, சரி அத வுடு. அவரு கேக்கவே இல்ல. கண்ணாடில பின்னாடியே பாத்துட்டிருக்கறாரு. பின்னாடி ஒரு பொண்ணு, ஸ்கூல் யூனிபாரம், சைக்கிள்ல நிக்குது. ஒரு கையில சைக்கிளப் புடிச்சுட்டு, இன்னொரு கையில மூக்கப் பொத்திட்டு இருமிட்டே நிக்குது. பச்ச விழுந்தும் இவரு வண்டிய எடுக்கல. பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கறாங்க. ஏனுங்க, என்னாச்சுன்னேன்.

"அந்தப் புள்ள நம்ம பொகையத்தான் குடிச்சுட்டு நிக்குது அம்மிணி" அப்படின்னாரு.

எனக்கு வந்துது பாரு கோவம். நம்ம ஒரு வண்டிலதான் பொகை வருதா? லாரில வரல? பஸ்ஸுல வரலயான்னு கேட்டேன். "பஸ்ஸுல அம்பது பேரு போறாங்க. இதுல நீயும் நானுந்தான்"ன்னாரு. அந்த மாசத்துல அவரு பேசுன பெரிய பேச்சே அதுதான். சரி, ஏதோ மனசு எளகியிருக்குது, மதியத்துக்குள்ள சரியாப் போயிரும்னு நானும் நாத்தனா கதைய வுட்ட எடத்துலருந்து எடுத்தேன்.

அடுத்த நாள் வெளிய வந்து பாத்தா காரு கவர் போட்டு நிக்குது. இவரு துண்டத் தோள்ல போட்டுட்டு செருப்ப மாட்டறாரு. "நீயும் வா அம்மிணி, ஒட்டுக்காப் போலாம். நல்ல எடமாப் பாத்துப் புடிச்சுக் குடுக்கறேன்" அப்படிங்கறாரு. எப்படி இருந்திருக்கும் எனக்கு? முன் சீட்டுல ராணியாட்ட உக்காந்து போனவளப் பாத்துக் கேக்கற கேள்வியா அது? செத்தாலும் அந்த பஸ்ஸுல கால வெக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். தலைய ஆட்டிட்டு நடந்து போயிட்டாரு. அப்படி ஒரு அழுத்தம்.

என்ன கண்ணு? இந்த பஸ்ஸான்னு கேக்கறியா? அட இன்னிக்கு வந்தது வேற. இது வேவு பாக்க வந்தது, கணக்குல சேராது. அதுவும் நான் காச நீட்டுனேன், அந்தக் கண்டக்டர் தம்பி பொம்பளைகளுக்கு இலவசமுங்கன்னு வாங்க மாட்டேங்குது. கூட்டத்துல என்ற கௌரவமே போச்சு.

பாரு, பி.என்.புதூர் வந்துருச்சு. ஒரு பூக்கார அக்கா கூடையோட ஏறுது பாரு. அந்த சன்னல் சீட்டத்தான் கேக்கும். கேட்டுதா? இவரு என்ன சொல்றாரு? தலைய ஆட்டறாரா? ஆள் வருதுன்னு சொல்றாரா? அட கெரகமே! எந்திரிச்சு நின்னு அவரு எடத்த அந்தக்காவுக்குக் குடுக்கறேன்னு கை காட்டறாரு பாரு, அது வேண்டாங்குது. ஆம்பள எடத்துல உக்காந்து அவர நிக்க வெக்க அதுக்கு மனசு வரல போல. பாவம், அவ்வளவு பெரிய கூடைய வெச்சுட்டு நின்னுட்டு வருது. துண்டு சொகமா காத்து வாங்கிட்டு உக்காந்திருக்குது. எவளோ ஒரு மகராசிக்கு!

எங்க வுட்டேன்? ஆங், அன்னிக்கே பேச்ச நிறுத்திட்டேன். நான்தான் நிறுத்துனேன், அவரு எங்க ஆரம்பிச்சாரு நிறுத்தறதுக்கு? காஸ் தீந்துதுன்னா ஓசூருக்குப் போன் போட்டு, தரணி, உங்கப்பாகிட்ட சிலிண்டர் புக் பண்ணச் சொல்லுடான்னு சொல்லுவேன். அவன் அங்கிருந்து இவருக்குப் போன் பண்ணுவான். இவரு பக்கத்து ரூம்புல உக்காந்துட்டு "சரிடா, அம்மா சாப்பிட்டாளான்னு கேளு"ம்பாரு. பையனுக்கு அழுவறதா சிரிக்கறதான்னு தெரியல. ஒரு நாள் ஆபீஸ்ல மீட்டிங்குல இருந்துட்டு, "அம்மா, அப்பாவுக்கு ரசத்துல உப்பு போதலயாமா"ன்னு மெசேஜ் போட்டிருக்கறான்.

கடைக்கு எப்படிப் போனேன்னு கேக்கறியா? டாக்ஸிதான். போன்லயே புக் பண்ணுனா ஊட்டு வாசலுக்கே வந்துருது. அவரு காரு ஓட்டலைன்னா எனக்குக் கார் இல்லையா என்ன? பின்னாடி சீட்டுல கால் மேல கால் போட்டுட்டுப் போனேன். மொத நாளு அத அவரு பஸ் ஸ்டாப்புல நின்னு பாத்தாரு. பொழுதோட தரணி போன் பண்ணுறான். "நிறுத்துனது ஒரு காரு, ஓடறது இன்னொரு காரு, இடையில எனக்கு நடைதான் மிச்சம்னு அப்பா சொல்லச் சொன்னாரும்மா"ன்னான். உனக்கென்னடா தெரியும், நீ கம்முனு இருன்னு வெச்சுட்டேன்.

ஆனா டாக்ஸில ஒரு கொற கண்ணு. அந்த டிரைவருங்க ஒருத்தரும் பேச்சுக் கேக்கறதில்ல. நான் நாத்தனா கதைய ஆரம்பிச்சேன்னா பாட்டுச் சத்தத்தக் கூட்டறாங்க.

பொறவு ஒண்ணு கண்டுபுடிச்சேன். பொழுதோட கடையிலிருந்து வந்ததும் போர்டிகோவுக்குப் போயி, கவர வெலக்கிட்டு, நம்ம கார்லயே முன் சீட்டுல உக்காந்துக்குவேன். என்ற எடத்துல. டிரைவர் சீட்டு காலியாத்தான் இருக்கும். உக்காந்துட்டு என்ற தங்கச்சிக்குப் போன் போட்டு எல்லாக் கதையும் பேசுவேன். காரு ஓடலைன்னாலும் பேச்சு நல்லா ஓடும். புழுக்கமா இருக்குதுன்னு ஏசி போட்டுக்குவேன், ஏசி ஓடோணும்னா எஞ்சின் ஓடோணும், அதுக்கு நான் என்ன பண்ணறது? ஒரு நாள் இவரு வந்துட்டாரு. கண்ணாடியத் தட்டறாரு. நிக்கற வண்டியிலிருந்து எதுக்கம்மிணி பொகைன்னு கேக்கறாரு. நான் கண்ணாடிய எறக்கவே இல்ல.

அடுத்த நாள் போயி உக்காந்தா, டிரைவர் சீட்டுல ஒரு பனையோல விசிறி இருக்குது.

எவ்வளவு குசும்பு பாரு! வீசி எறியலாம்னுதான் எடுத்தேன். அப்பறம் ஓலை நல்ல ஓலையா இருந்துது, ஓரத்துல துணி வெச்சுத் தெச்சிருந்துது. எதுக்கு வீணாக்கோணும்? இந்தப் பையிலதான் இருக்குது, இரு காட்டறேன். இந்தா, உனக்கும் வீசறேன். பின் சீட்டுல காத்தே வர மாட்டேங்குது.

இந்தப் பொகை விசயத்துல நான் ஒண்ணும் தெரியாதவ இல்ல கண்ணு. என்ற கடை ரோட்டோரத்துல. சன்னலத் தொறந்து வெச்சா வெள்ளப் பட்டு மேல கரி வந்து படியுது. மணமேடைக்குப் போற ஜாக்கெட்டு, சந்தன நெறத்துல குடுத்தது சாம்பல் நெறமாயிருது. ஒரு நாளைக்கு ரெண்டு தாட்டி தொடைக்கறேன். இவ்வளவு வண்டிய யாருதான் எடுத்துட்டு வர்றாங்களோன்னு வயிறெரியும். இத தரணிகிட்டச் சொன்னா, அவன் "நீ வீட்டுக்கு எப்படிப் போவம்மா"ன்னு கேக்கறான். சம்பந்தமில்லாத கேள்வி. டாக்ஸி புக் பண்ணிட்டேன்டான்னேன்.

ஆவணில ஒறம்பர ஊட்டுக் கல்யாணம், எங்க சொந்தந்தான், அன்னூருக்குப் பக்கத்துல. பஸ்ஸுல போயி எறங்குனா மண்டபத்து வாசல்ல சந்தனங்கூட நீட்ட மாட்டாங்க, கார் வித்துட்டாங்களாட்ட இருக்குதுன்னு பேசுவாங்க. அதனால நான் டாக்ஸி. இவரு பஸ்ஸு. வழியில பாலம் கட்டறாங்க, வண்டி ஒண்ணோட ஒண்ணு முட்டிட்டு நிக்குது. எட்டிப் பாக்கறேன், ஒவ்வொரு கார்லயும் ஒரே ஒரு ஆளு! அவ்வளவு பெரிய வண்டில ஒத்த ஆளு உக்காந்துட்டு ரோட்டயே அடைச்சுட்டு நிக்கறாங்க. கொஞ்சமாவது அறிவு வேண்டாமான்னு அந்த டிரைவர்கிட்டச் சொன்னேன். பின்னாடி நான் ஒருத்திதான உக்காந்திருக்கறேன், கேக்கறதுக்கு அவனாவது இருக்கோணுமல்ல? அவன் திரும்பி என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான். போயிச் சேந்தா தாலி கட்டி முடிஞ்சு, பந்தியும் முடியற கட்டம். இவரு ஊருக்குள்ள வேற வழியாப் போற பஸ்ஸுல முன்னாடியே வந்து, மொத வரிசையில உக்காந்து அட்சதை போட்டு, சாப்பிட்டு, வெத்தல மென்னுட்டு நிக்கறாரு. என்ற எலைக்குப் பாயாசமே வரல. அவரு டம்ளர்ல எனக்குன்னு கொஞ்சம் வாங்கி மூடி வெச்சிருந்தாரு. பேச்சு வார்த்த இல்லைங்கறதால நான் அதத் தொடல. சரி, சித்த தொட்டேன். பாயாசத்து மேல எனக்கென்ன கோவம்?

இதெல்லாங்கூடப் பொறுத்துக்குவேன் கண்ணு. பொறுக்க முடியாதது என்னன்னா, மனுசன் சந்தோசமா இருக்கறாரு! பஸ்ஸுல போயி மாறிப் போயிட்டாரு. செவுத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி மூஞ்சி பளிச்சுன்னு இருக்குது. பாத்ரூம்புல பாட்டு வருது. கண்டக்டருக்குப் பொண்ணு பொறந்தது தெரியுது, டிரைவருக்குச் சக்கர எறங்கி இருக்கறது தெரியுது. என்னோட இத்தன வருசம் கார்ல வந்தாரே, வாயத் தொறந்து இப்படி ஒரு கதை சொல்லியிருப்பாரா? நான் பேசி முடிக்கட்டும்னு இருந்திருப்பாரோ என்னமோ. அப்படின்னா நான் எப்ப முடிக்கறது?

அப்பத்தான் பக்கத்தூட்டு பிரேமலதா வந்தா. அவ கெழமைக்கு ரெண்டு நாளு இந்த பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குப் போறவ. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, உங்கூட்டுக்காரரு தெனமும் துண்டு போட்டு சன்னல் சீட்டுல எடம் புடிச்சு வெக்கறாரு, யாருக்கும் தர்றதில்ல"ன்னா. யாருக்குடின்னேன். "யாரும் வந்து உக்கார மாட்டாங்களுங்க அக்கா. ஆர்.எஸ்.புரம் ஸ்டாப்பு வந்ததும் துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சுட்டு, நிக்கறவங்களுக்கு அந்த எடத்தக் குடுத்துருவாரு. ஒரு நாள் கூடத் தப்பல"ன்னா.

இதுக்கு என்ன அர்த்தம்? நீயே சொல்லு. ஆர்.எஸ்.புரம் வரைக்குந்தான் எடம்னா, அந்தப் பொம்பள ஆர்.எஸ்.புரத்துல எறங்கறவ. முன்னாடி ஒட்டுக்கா வந்துட்டு இருந்திருப்பா, இப்ப ஏதோ கோவத்துல வர்றதில்ல. இவரு வருவா வருவான்னு எடம் போட்டு வெச்சுட்டு ஏங்கிட்டு உக்காந்திருக்கறாரு. சரியா வருதா இல்லையா? நான் அவ்வளவு லேசுல ஏமாற ஆளு இல்ல. அதுவும் வேற எந்த ஸ்டாப்பும் இல்ல, ஆர்.எஸ்.புரம்! என்ற கடை இருக்கற எடம்! வருசக்கணக்கா நான் தெனமும் எறங்கற எடம்! அங்க எறங்கற பொம்பளைக ஒருத்தி விடாம எனக்குத் தெரியும். கோவிச்சுட்டு வராம இருக்கறவ யாருன்னு என்னால கண்டுபுடிக்க முடியாதா?

என்ன கண்ணு, எதுக்கு வாயப் பொத்திட்டு இருக்கற? குலுங்குது உடம்பு. நான் என்ன சிரிப்புக் கதையா சொல்லிட்டிருக்கறேன்? ஒரு பொம்பள ராத்திரியில தூக்கமில்லாம வெசனப்பட்டுட்டு வந்து உக்காந்திருக்கறேன்.

நெசமாச் சொல்றேன், அவ யாரா இருந்தாலும் சண்டை போடறதுக்கு நான் வரல. ஒண்ணு மட்டும் பாக்கோணும். அவ பேசறப்ப இவரு கேக்கறாரான்னு பாக்கோணும். கார்ல என்னையக் கேட்ட மாதிரி, ரோட்டப் பாத்துட்டே தலைய ஆட்டி ஆட்டி, அப்படிக் கேட்டார்னா, அதுக்கு மேல எனக்கு ஒண்ணுமில்ல. நான் பாட்டுக்கு டாக்ஸிலயே போயிக்குவேன்.

லாலி ரோடு சிக்னல் வந்துருச்சு. இங்கதான் அன்னிக்கு அந்தச் சைக்கிள் புள்ள நின்னுது. இனி ஆர்.எஸ்.புரம் வந்துரும். இன்னும் ஒருத்தியும் வரல பாரு. துண்டு அப்படியே கெடக்குது. ஏறுனா இடையில இருக்கற ஒரே ஒரு ஸ்டாப்புல ஏறுனாத்தான் உண்டு.

என்னங்க தம்பி? டிக்கெட்டுதான் அப்பவே குடுத்துட்டீங்களே. என்னது? யாரு கூப்புடறாரு?

என்ன சொல்றீங்க, பஸ்ஸு முச்சூடும் கேக்குதா! நான் மெதுவாத்தான பேசுனேன்? ஏங்கண்ணு, மெதுவாத்தான பேசுனேன்? அந்தப் பூக்காரக்கா ஏன் முந்தானையில கண்ணத் தொடைக்குது? டிரைவர் எதுக்குத் திரும்பிப் பாக்கறாரு, அவர ரோட்டப் பாக்கச் சொல்லுங்க.

எனக்கா? அந்த எடமா?

தம்பி, வெளையாடாதீங்க. அவரு நான் ஏறுனதையே பாக்கலீங்க. மாஸ்க்கு போட்டிருக்கறேன். அவரு ஏறுறதுக்கு முன்னாடியே, பஸ்ஸு ஸ்டாப்புக்குள்ள வர்றப்பவே என்ற குரல் கேட்டுப் போச்சா? என்ன சொல்லச் சொன்னாரு? திருப்பிச் சொல்லுங்க. "அந்தப் பொம்பளையக் கண்டுபுடிச்சாச்சுன்னு அக்காகிட்டச் சொல்லு, மாஸ்க்கக் கழட்டிட்டு வந்து சன்னல்கிட்ட உக்காரச் சொல்லு, அங்க காத்து நல்லா வருது" அப்படின்னாரா? இவ்வளவு நீளமா அவரா பேசுனாரு?

ஏங்கண்ணு, நீ தெனமும் இதே பஸ்ஸுலதான் வர்றியா? உனக்கு மொதல்லயே தெரியுமா? அட பாவி, தெரிஞ்சா சொல்லறதுக்கென்ன? சொல்ல வந்தியா? எப்ப வந்த? நான் எங்க பேச வுட்டனா! அதுக்காக இப்படியா, ஆடியில இருந்து ஐப்பசி வரைக்கும் ஒரு மனுசன் துண்டுக்குப் பக்கத்துல உக்காந்து போயிருக்கறாரு, ஊரே பாத்திருக்குது, கட்டுனவளுக்கு மட்டும் தெரியல.

இல்ல, நான் ஒண்ணும் அழுகல. சிக்னல்ல பொகை. எல்லாக் காரும் இங்கதான் நிக்குது பாரு.

உடனே எந்திரிச்சு ஓடிப் போறதுக்கு நான் ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல. பேச்சு வார்த்த நின்னது நின்னதுதான். அவரு வந்து கூப்புடாம, கண்டக்டர வுட்டுக் கூப்புடறாரு. ஓசூருக்குப் போன் போடாம வுட்டாரே, அது வரைக்கும் நல்லதுன்னு நெனச்சுக்கோணும். பாரு, அவரே திரும்பிட்டாரு. துண்டத் தட்டி மடிக்கறாரு. கைய சீட்டு மேல வெச்சுட்டுப் பாக்கறாரு. ஆர்.எஸ்.புரம் வர்றதுக்குக் கொஞ்ச தூரந்தான் இருக்குது. இந்தச் சனியன் புடிச்ச சிக்னலு இன்னிக்குன்னு பாத்து சித்த நேரம் பச்ச விழுகாம இருந்தாத் தேவலை.

சரி, போயி என்னன்னு கேட்டுட்டு வர்றேன். இத்தன கதைய அவருக்கு மொதல்லருந்து சொல்லோணுமல்ல? சின்ன நாத்தனா கதையே பாதியில நிக்குது. கண்ணு, இந்தப் பைய என்ற எடத்துல வெச்சுட்டுப் போறேன். யாராச்சும் உக்கார வந்தாங்கன்னா, ஆள் வருதுன்னு சொல்லிரு. அவரு ஏதாச்சும் கோணலாப் பேசுனார்னா அடுத்த நிமிசம் திரும்பி வந்துருவேன். எடத்த வுட்டுராத. சித்த வழி வுடுங்க தம்பி, கால மிதிச்சுராதீங்க, நகருங்க…

கண்ணு! ஏங்கண்ணு! இங்க, முன்னாடி! அட, அந்தக் காதுல இருக்கறதக் கழட்டு! கேக்குதா? அந்தப் பையச் சித்த கைமாத்தி முன்னாடி அனுப்பி வுடு. ஆமா, விசிறி இருக்கற பைதான். அந்தப் பூக்காரக்காவ அங்க உக்காரச் சொல்லு. உக்காருங்கக்கா, கூடைய எறக்கி வெச்சுட்டு நல்லா உக்காருங்க. இனி அங்க ஆள் வராது.